மச்சம் விட்டவர்கள்



யாழ்ப்பாணத்துப் பேச்சில் இறைச்சிக்கும் மீனுக்கும் முட்டைக்கும் சேர்த்து ஒரே சொல்தான்: மச்சம். வடமொழியில் மீனைக் குறிக்கும் மத்ஸ்யம் என்ற சொல்லிலிருந்து வந்தது. கடல் சூழ்ந்த குடாநாட்டில் ஆட்டிறைச்சிக்கும் மீனின் பெயரே நின்றுவிட்டதில் வியப்பில்லை. வியப்பு அதன் எதிர்ச்சொல்லில்தான் இருக்கிறது. மச்சம் இல்லாத சாப்பாட்டுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘சைவம்’. ஒரு சமயத்தின் பெயரையே தூக்கிக் கறிக்கு வைத்துவிட்டோம். கொழும்பில் சிங்களவர்கள்கூடத் தோசைக் கடையைச் ‘சைவக் கடை’ என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு அங்கே சித்தாந்தம் ஒன்றும் இல்லை, தோசையும் சட்னியும்தான். பெரிய வெள்ளியன்று எங்கள் கத்தோலிக்க நண்பர்கள் ‘இண்டைக்கு நாங்கள் சைவம்’ என்று சொல்லவும் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்வதில் அவர்களுக்கும் எங்களுக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

இந்தச் சொல் இப்போது புலம்பெயர்ந்த வீடுகளில் வழக்குக்கு வந்திருக்கிறது. நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுக்கும் நேயர்களிடம் ஒரே கதையை வேறு வேறு விதமாகக் கேட்டு வருகிறேன். பல்கலைக்கழகம் போகும் பிள்ளை ஒரு நாள் வந்து, இனி இறைச்சி, மீன் ஒன்றும் தொடமாட்டேன் என்கிறது. தாய்க்குச் சந்தோஷம், முருகன் கண் திறந்துவிட்டான் என்று நினைக்கிறா. அடுத்த கிழமை அதே பிள்ளை பாலையும் தயிரையும் நெய்யையும் தள்ளி வைக்கிறது. கோவிலில் பஞ்சாமிர்தம் கொடுத்தால் கையை இழுத்துக்கொள்கிறது. சந்தோஷம் போய்விடுகிறது. ‘பால் குடிக்காத சைவம் எங்கையடி இருக்கு?’ என்று அம்மம்மா கேட்கிறா. ‘வெள்ளிக்கிழமை விட்டுட்டுச் சனிக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிடுறது மட்டும் என்ன சைவம் அம்மம்மா?’ என்று பேத்தி திருப்பிக் கேட்கிறாள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். பிள்ளை வெள்ளைக்காரரிடம் படித்துக்கொண்டு வந்து கதைக்கிறது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பெரியவர்களுடையது வெறும் சடங்கு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மச்சம் விட்டவர்களுடைய வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இரண்டு நினைப்பும் அரைகுறை என்று தெரியவரும்.

முதலில் அம்மம்மாவின் பக்கம். என்னுடைய தொழில் கணக்கு என்பதால் ஒரு கணக்கே போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் விரதம் பிடிக்கும் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் வெள்ளிக்கிழமை 52. செவ்வாயும் சேர்த்துப் பிடிப்பவர்களுக்கு 104. நல்லூர்த் திருவிழா 25 நாள். நவராத்திரி 9, கேதாரகௌரி 21, கந்தசஷ்டி 6, பிள்ளையார் பெருங்கதை 21, மார்கழித் திருவெம்பாவை 10. புரட்டாசிச் சனி, சிவராத்திரி, தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி, அதோடு வீட்டுத் திவசங்கள், ஊர்க் கோவில் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை. செவ்வாய், வெள்ளியில் விழுந்து இரட்டிப்பாகும் நாட்களைக் கழித்துவிட்டுக் கூட்டினாலும் கிட்டத்தட்ட அரை வருடம் வந்துவிடுகிறது. புரட்டாசி அமாவாசை கழிந்து நவராத்திரி தொடங்கினால், கேதாரகௌரி வழியாகக் கந்தசஷ்டி முடிய ஏறக்குறைய 36 நாள் ஒரே ஓட்டம். அரை வருடம் மச்சம் தொடாத இந்தக் குடும்பத்திடம் ‘நீங்கள் மச்சம் விட்டவர்களா?’ என்று கேட்டால், ‘சீ, நாங்கள் சாப்பிடுவோம்’ என்றுதான் பதில் வரும்.

அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டு, கிழமையில் ஒரு திங்கட்கிழமை இறைச்சியை விடுங்கள் என்று ஒரு பெரிய சுகாதார இயக்கம் தொடங்கினார்கள். ஒரு பல்கலைக்கழகமும் அதற்குத் துணை நின்றது. ஒரு நாளுக்கே அவ்வளவு ஆரவாரம்.

நாள் பார்த்து விடுவதன் உள்ளே இருக்கும் மனநிலையைக் கவனிக்க வேண்டும். மச்சம் சாப்பிடுவது பாவம் என்று அது சொல்வதில்லை. சாமிக்குரிய நாளில் வீடும் வயிறும் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. வியாழக்கிழமை பின்னேரமே அடுப்படி கழுவி, மச்சச் சட்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடுவார்கள். ஆட்டைப் பற்றிய யோசனை அங்கே கிடையாது.

பழைய இலக்கியம் இதற்கு இடம் கொடுக்கிறது. சங்கப் புலவர்கள் இறைச்சியை ஒளித்து வைக்கவில்லை. அந்தணரான கபிலரே புறநானூற்றில் ஊன் சோறு தின்றதைப் பாடியிருக்கிறார். திருக்குறளில் ‘புலான் மறுத்தல்’ 26 ஆம் அதிகாரம், ‘கொல்லாமை’ 33 ஆம் அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் வைத்திருக்கும் இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. அவை துறவறவியலில் இருக்கின்றன. விருந்தோம்பல் இல்லறவியலில் இருக்கிறது. வீட்டுக்காரனுக்கு விருந்து, துறவிக்குப் புலால் மறுத்தல் என்று அவர் பிரித்ததாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் தின்பவன் இல்லாவிட்டால் விற்பவன் இல்லை என்ற வாதத்தை அந்த அதிகாரத்திலேயே வைத்துவிட்டார். நாங்கள் வர்த்தகம் படித்த முதல் தவணையில் ‘கேள்வியும் நிரம்பலும்’ என்று மாதக்கணக்கில் எழுதியது இதைத்தான். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான கண்ணப்பரோ சிவனுக்கே இறைச்சி படைத்தவர். சைவத்தின் உள்ளேயே இவ்வளவு இடம் இருந்தது.

அப்படியானால் ஒரு வீட்டுக்காரனுக்கு மச்சத்தை விடுவது எப்போது வாழ்வு சாவுப் பிரச்சினையானது? எங்கள் ஊரில் அது போர்த்துக்கேயர் காலத்தில் நடந்தது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கையில் விழுந்தது. 1658 இல் ஒல்லாந்தர் வரும்வரை அவர்களுடைய ஆட்சி. கோவில்கள் இடிக்கப்பட்டன. விரதம் பிடித்தவர்கள் அகப்படக் கூடாது என்பதற்காகச் சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறியாமல் சுருட்டிக் கூரையில் செருகி மறைத்தார்கள் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். அந்தக் காலத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் கதையும் வழிவழி வந்ததுதான். பறங்கித் தளபதியின் உணவுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கொடுக்க வேண்டும் என்று கட்டளை. ஞானப்பிரகாசரின் முறை வந்தது. மறுத்தால் தண்டனை, கொடுத்தால் கொலை. முதல் நாள் இரவே அவர் ஊரை விட்டுக் கடல் கடந்து போய்விட்டார். இந்தியாவில் வடமொழி கற்று, துறவு பூண்டு, சிவஞான சித்தியாருக்கு உரை எழுதினார். சிதம்பரத்தில் அவர் வெட்டிய குளம் ஞானப்பிரகாசர் குளம் என்றே பெயர் பெற்றது. இரவோடிரவாகக் கிளம்பியவர்கள் எங்களிலும் நிறையப்பேர். ஒரு பசுவுக்காகக் கிளம்பியவரும் எங்கள் ஊரில் இருந்திருக்கிறார்.

இதற்கு இருநூறு வருடம் கழித்து நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர், 1822 இல். மெதடிஸ்த மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர். மிசனரிமாரின் பலம் எங்கே இருக்கிறது என்று உள்ளே இருந்து பார்த்தவர். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், எளிய வசனநடை. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடம் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்தார். பிறகு பாலபாடங்களை எழுதினார். அவருடைய நான்காம் பாலபாடத்தில் கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு என்று தனித்தனிக் கட்டுரைகள் இருக்கின்றன. வள்ளுவர் துறவிக்கு வைத்ததை நாவலர் பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகத்துக்குள் கொண்டுவந்தார். என்னுடைய கணிப்பில் இந்தக் கதையின் பெரிய திருப்பம் இதுதான். அதற்கு முன்னர் குருக்கள் விட்டார், சந்நியாசி விட்டார், மற்றவர்கள் நாள் பார்த்தார்கள். நாவலரோ, சைவன் என்றால் எல்லா நாளும் விட வேண்டும், கோவிலில் ஆடு, கோழி வெட்டுவது சைவமே அல்ல என்றார். மிசனரிமார் கை நீட்டிக் காட்டிய அழுக்கைத் தானே கழுவிவிட வேண்டும் என்ற அவசரமும் அவரிடம் இருந்தது.

யாழ்ப்பாணம் அவர் சொன்னதைக் கேட்டதா? பாலபாடத்தை மனப்பாடம் செய்தது. மத்தியானம் மீன்குழம்போடு சாப்பிட்டது. ஒரு நல்ல கொள்கையையும் ஒரு நல்ல விளைமீனையும் ஒரே நேரத்தில் மதிக்கத் தெரிந்த ஊர். நாவலருக்கு மரியாதையாக விரத நாட்கள் இறுக்கமாயின என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் இன்னொருவர் இருந்தார். நாவலருக்கு ஒரு வருடம் இளையவர், 1823 இல் மருதூரில் பிறந்த இராமலிங்க வள்ளலார். இவர்கள் இருவருக்கும் ஆகவில்லை. வள்ளலாரின் பாடல்கள் 1867 இல் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சானபோது, தேவார திருவாசகத்துக்குரிய அருட்பா என்ற பெயரை இதற்கு வைப்பதா என்று நாவலர் எதிர்த்தார். கண்டனம், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. 1869 இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போனது. தீர்ப்பை இரு பக்கத்தாரும் தத்தமக்குச் சாதகமாக இன்றுவரை சொல்லி வருகிறார்கள். இருவரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. நாவலர் பக்கத்தில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளையும், அருட்பாவின் பக்கத்தில் செய்குத்தம்பிப் பாவலர் என்ற இஸ்லாமியப் புலவரும் நின்று வாதாடினார்கள். தமிழில் ஒரு சொல்லுக்காக நடந்த மிக நீண்ட வழக்கு இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் நீதிமன்றம் ஏறிய இந்த இருவருக்கும் ஒரு விடயத்தில் அணுவளவும் கருத்து வேறுபாடு இல்லை. மச்சம் கூடாது. காரணம்தான் வேறு. நாவலர் நூலைப் பார்த்தார். விதி, விலக்கு, பாவம், நரகம், ஆசாரம். ஒரு நல்ல கணக்காய்வாளர் போல, சட்டம் இது, நீ செய்தது இது, வித்தியாசம் இவ்வளவு என்று எழுதினார். வள்ளலார் பார்த்தது உயிரின் வேதனையை. அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ பசியில்தான் தொடங்குகிறது. பசித்தவனுக்குக் கண் எப்படி இருக்கும், காது எப்படி இருக்கும், வயிறு எப்படி எரியும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மனிதனுடைய பசியும் மிருகத்தின் மரண பயமும் அவருக்கு ஒரே கணக்கின் இரண்டு வரிகள். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

அவரிடமும் கடுமை உண்டு. கொலையும் புலாலும் விடாதவர்களைப் ‘புறவினத்தார்’ என்று தள்ளி நிறுத்தினார். சன்மார்க்கத்துக்குள் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் அவர்களுக்குப் பசித்தால் சோறு போட வேண்டும், அதில் வேறுபாடு பார்க்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னார். இன்றைய பிள்ளைகளில் சிலர், இறைச்சி தின்பவரோடு ஒரு மேசையில் இருக்கவே மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்கு வள்ளலாரின் இரண்டாவது வசனத்தையும் படித்துக் காட்டலாம். நாவலரையும் குறைத்து மதிக்க வேண்டாம். 1870களின் பஞ்சத்தில் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியவர் அவர்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. மச்சம் விடுதல் எங்கள் சமூகத்தில் ஒழுக்கமாக மட்டும் இருக்கவில்லை, ஏணியாகவும் இருந்தது. சைவச் சாப்பாடு உயர்ந்தது என்றால் அதைச் சாப்பிடுபவரும் உயர்ந்தவர் என்று ஆனது. மீன் பிடிப்பவரிடம் மீனை வாங்கித் தின்றுவிட்டு அவரையே தாழ்ந்தவர் என்று சொன்ன ஊர் அது. நாவலர் சாதி ஒழுங்கைக் கைவிடவில்லை. வள்ளலார் சாதியையும் சாத்திரச் சண்டையையும் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கினார். சாமிக்கு ஆடு வெட்டும் வைரவர் கோவில்களும் அண்ணமார் கோவில்களும் ‘திருத்தப்பட’ வேண்டியவை என்று பெரிய கோவில்காரர்கள் சொன்னார்கள். சரி, வெட்டுவதை நிறுத்தினால் பெரிய கோவிலுக்குள் விடுவீர்களா? 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது, யாரும் அவர்களிடம் ‘இன்று மச்சம் சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கவில்லை. பிறப்பைத்தான் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கோவில் வேள்வி பிறகு நீதிமன்றம் ஏறியது. 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோவில்களில் மிருகபலிக்குத் தடை விதித்தது. 2018 இல் இலங்கை அமைச்சரவை அதற்குச் சட்டம் கொண்டுவர ஒப்புதல் கொடுத்தது. தடையை வரவேற்றவர்களில் சனிக்கிழமை பங்கு இறைச்சிக்குச் சொல்லி வைப்பவர்களும் இருந்தார்கள். சாமிக்கு வெட்டக் கூடாது, சட்டிக்கு வெட்டலாம். அம்மம்மாவின் நாள் கணக்கு இங்கே நீதிமன்றத் தடையாகவே வந்து நின்றது.

போர்க் காலத்தில் இந்தக் கணக்குகளெல்லாம் கலைந்தன. 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வு கந்தசஷ்டி காலத்தில் வந்தது. ஆறு நாள் விரதமிருந்து வாடிய உடம்போடு செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் எத்தனையோ பேர். என்னுடைய பெரியம்மா வாழ்நாளில் ஒரு வெள்ளி தவறாதவ. அந்த நாட்களில் மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் ஒதுங்கியபோது, வீட்டுக்காரர் இருந்ததைப் போட்டுக் கொடுத்தார்கள். சோறும் கருவாட்டுக் குழம்பும். வெள்ளிக்கிழமை. பெரியம்மா சாப்பிட்டா. பிறகு அதைப் பற்றிக் கேட்டால், ‘அண்டைக்கு வெள்ளி எண்டு முருகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தச் சனத்திட்ட வேற ஒண்டும் இல்லை எண்டும் ரெண்டு பேருக்கும் தெரியும்’ என்பா. அடுத்த வெள்ளி திரும்பவும் விரதம். நாள் பார்த்து விடுபவர்களுக்கு ஆழமில்லை என்று நினைக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

இனிப் பேத்தியின் பக்கம். நாளும் இல்லை, ஊரும் இல்லை, சாத்திரமும் இல்லை, தானே யோசித்துத் தானே விடுவது. இந்த மனநிலைக்கு நன்றாகப் பதிவான ஒரு வரலாறு இருக்கிறது. அதுவும் எங்களைப் போலக் குளிர்தேசத்துக்கு வந்து சாப்பாட்டுக்கு அல்லாடிய ஒரு பொடியனின் கதை. மோகன்தாஸ் காந்தி. காந்தி என்றதும் 1987 ஐ நினைத்து முகம் சுளிக்கும் நேயர்கள் எங்களிடையே உண்டு. அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு.

‘சத்திய சோதனை’யில் அவரே எழுதியிருக்கிறார். வைணவக் குடும்பம். பள்ளிக்கூட வயதில், வெள்ளைக்காரன் இறைச்சி தின்பதால்தான் எங்களை ஆள்கிறான் என்று ஒரு நண்பன் சொன்னதை நம்பி ஆற்றங்கரையில் ஒளித்து ஆட்டிறைச்சி சாப்பிட்டார். அன்றிரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல் இருந்ததாம். ஆனாலும் ஒரு வருடமளவில் இடைக்கிடை தொடர்ந்தார். அதை நிறுத்தியதற்கு ஆடு காரணமல்ல. பெற்றோரிடம் பொய் சொல்ல வேண்டியிருந்ததுதான் காரணம். பெரியவனானதும் வெளிப்படையாகச் சாப்பிடலாம் என்று தள்ளிவைத்தார். 1888 செப்ரெம்பரில் இலண்டனுக்குக் கப்பல் ஏறுமுன் தாய் புத்லிபாய் சத்தியம் வாங்கினார். மது, மாது, மாமிசம் மூன்றும் தொடுவதில்லை. சத்தியத்தைச் செய்வித்தவர் ஒரு சமணத் துறவி.

இலண்டனில் அவித்த கீரையும் பாணும் ஜாமும். இன்னொரு துண்டுப் பாண் கேட்க வெட்கம். படிப்பறிவில்லாத தாய்க்குக் கொடுத்த வாக்கை இங்கே வந்தும் பிடித்துக்கொண்டிருப்பதா என்று ஒரு நண்பர் பெந்தத்தின் தத்துவ நூலை வாசித்துக் காட்டி வாதாடினார். வாதத்துக்கு எனக்குப் பதில் தெரியாது, வாக்கு வாக்குத்தான் என்றார் காந்தி. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறிச் சாப்பாட்டுக் கடை தேடினார். கடைசியில் ஃபரிங்டன் வீதியில் ஒன்று அகப்பட்டது. வாசல் கண்ணாடிக்குள் ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய சிறு புத்தகம் ஒன்று ஒரு ஷில்லிங்குக்கு இருந்தது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் இருந்தார். இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறு நிறையச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். சால்ட்டின் புத்தகத்தைப் படித்து முடித்த பிறகுதான், தாய்க்காக அல்லாமல் தன்னுடைய முடிவாகவே மரக்கறிக்காரன் ஆனேன் என்று எழுதுகிறார். இந்தியாவிலிருந்து கொண்டுபோன சத்தியத்துக்கு ஓர் ஆங்கிலேயரிடம் காரணம் கிடைத்தது. எது எங்களுடையது, எது அவர்களுடையது என்று இந்த விடயத்தில் கோடு கிழிப்பது கஷ்டம்.

அடுத்து முட்டை விவகாரம், கணக்காளர்களுக்குப் பிடித்தமானது. காந்தி அந்தக் காலத்தில் பஸ் காசு, முத்திரைக் காசு உட்படச் செலவழித்த ஒவ்வொரு சல்லிக்கும் கணக்கு எழுதி, மிச்சம் சரிபார்த்த பிறகே படுக்கப் போனவர். அந்தப் புத்தியைச் சத்தியத்திலும் காட்டினார். மாமிசம் என்பதற்கு அங்கே மூன்று வரைவிலக்கணம் புழங்கியது. ஒன்றின்படி பறவை, விலங்கின் தசை மட்டும், மீன் சாப்பிடலாம். இரண்டாவதின்படி எல்லா உயிரின் தசையும், ஆனால் முட்டை சாப்பிடலாம். மூன்றாவதின்படி உயிர்களிலிருந்து வரும் முட்டை, பால் எல்லாம் சேர்த்தி. முட்டை மாமிசமல்ல என்று யாரோ சொல்ல, அவரும் கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு நிறுத்தினார். சத்தியம் வாங்கியவர் தாய், ஆகவே தாய் அந்தச் சொல்லால் எதை விளங்கிக்கொண்டாரோ அதுதான் வரைவிலக்கணம் என்று முடிவு செய்தார். ஒப்பந்தத்தில் சந்தேகம் வந்தால் அதை எழுதியவருக்குப் பாதகமாக வாசி என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். அதைத் தன் வயிற்றிலேயே நடத்திக் காட்டினார். 1931 நவம்பரில் இலண்டன் மரக்கறிச் சங்கத்தில் பேச வந்தபோது, முதிய வயதிலிருந்த சால்ட்டும் மேடையில் இருந்தார். உடம்புக்கு நல்லது என்பதற்காக விட்டவர்கள் நோய் வந்தால் திரும்பிவிடுவார்கள், ஒழுக்கத்துக்காக விட்டவர்களே நிலைப்பார்கள் என்ற கருத்தை அன்று சொன்னார்.

பாலில்தான் அவர் வழுக்கினார். மாடுகளைக் கொடுமைப்படுத்திக் கறக்கும் முறைகளை அறிந்து 1912 இல் தென்னாபிரிக்காவில் பாலை விட்டவர், 1918 இல் வயிற்றுளைவில் விழுந்து சாகக் கிடந்தார். வைத்தியர் பால் குடிக்கச் சொன்னார். கஸ்தூரிபாய்தான் வழி காட்டினார்: நீங்கள் சத்தியம் செய்தபோது பசுவும் எருமையும்தானே மனதில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே? குடித்தார். சத்தியத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரைக் கொன்றேன் என்று பிறகு எழுதினார். முட்டையில் தாயின் கருத்தைப் பார்த்தவர், பாலில் தன்னுடைய எழுத்தைப் பார்த்துவிட்டார். அந்த ஆட்டுப்பால் அவரை வாழ்நாள் முழுக்க உறுத்தியது.

பேத்தி சொல்லும் ‘வீகன்’ அந்த மூன்றாவது வரைவிலக்கணம்தான். அந்தச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற தச்சுவேலை ஆசிரியரும் சில நண்பர்களும் பாலும் வேண்டாம் என்று மரக்கறிச் சங்கத்திலிருந்து பிரிந்து, தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். வாட்சன் சின்ன வயதில் தன் மாமாவின் பண்ணையில் பன்றி ஒன்றைக் கொல்லும் சத்தம் கேட்டவர். 14 வயதில் இறைச்சியை விட்டவர். அவர் நூலைப் பார்த்து விடவில்லை, நாளைப் பார்த்து விடவில்லை. வடலூர்க்காரருக்கு அவரைப் பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன், பால் விடயத்தில் மட்டும் இருவரும் கொஞ்சம் வாதாடியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். அடுப்படியில் விசாரித்ததில், பிரச்சினை நினைத்த அளவுக்குப் பெரிதில்லை. புட்டு, இடியப்பம், சம்பல், பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பலாக்கொட்டைக் கறி ஒன்றிலும் மாட்டுப்பால் கிடையாது. சொதிக்கும் தேங்காய்ப்பால்தான். அம்மம்மாவின் வெள்ளிக்கிழமைச் சமையலில் பத்தில் எட்டுக் கறி பேத்திக்கு அப்படியே பொருந்துகிறது. மோரை விட்டுவிட்டு ரசம் வைக்கலாம். தாளிக்க நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். மிஞ்சியிருப்பது பின்னேரத் தேத்தண்ணி மட்டும். அதற்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ ஒன்று. மச்சச் சட்டிக்கும் சைவச் சட்டிக்கும் பக்கத்தில் மூன்றாவது சட்டி வாங்குவதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. சைவச் சட்டியிலேயே வைக்கலாம் என்பது அம்மாவின் கட்சி, அதில் போன கிழமை தயிர்க்குழம்பு வைத்தது என்பது மகளின் கட்சி.